புதுச்சேரிக் காசின் பின்பக்கம்

மகனுக்கு,

நலம், நலம் அறிய ஆவல் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இன்றைக்கு அந்த ஆவல் இல்லை. ஐந்தாவது வரைக்கும் படித்தவள் எழுதுகிற கடிதம் இது. தப்பு இருக்கும். தப்பைப் பார்த்துச் சிரிக்காமல் விஷயத்தைப் படி. உறையில் போட்டு ஒட்டவில்லை. உன் மாமாவிடம் திறந்தபடியே கொடுத்திருக்கிறேன். என் தம்பி முதலில் படிப்பான், அப்புறம் நீ படி. உன் பெண்டாட்டி படிக்கட்டும், சிதம்பரத்தில் உன் வீட்டு மாடியில் குடியிருக்கிறவர்கள் படிக்கட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. நீ அவனைக் கேட்ட கேள்வி நாலு பேர் காதில் விழுந்தது. என் பதிலையும் நாலு பேர் பார்க்கட்டும்.

முந்தாநாள் நீ என் பட்டன் போனுக்குக் கூப்பிட்டாய். உன் அப்பா போய் நாலு மாதம் ஆகிறது, அதில் நீ என்னோடு இவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். "ம்மா, அப்பா எடுத்து வச்சிருந்த ஃபோட்டோவெல்லாம் பழங்காசு வாங்கற ஒரு பார்ட்டிக்கு அனுப்பினேன். மொத்தப் பொட்டியும் எடுத்துக்கறேன்றான். அந்தப் புதுச்சேரிக் காசுக்கு மட்டும் ஒரு பக்கம்தான் இருக்குது. பின்பக்கம் கேக்கறான். அதுக்காகத்தான் மொத்தத்தையும் வாங்கறானாம்" என்றாய். "அது எடுக்கல" என்றேன். "எடுக்கலன்னா இப்ப எடு. நான் மஸ்கட் கெளம்பறதுக்குள்ள முடிக்கணும். பக்கத்து வீட்டு டீச்சர் போன்ல எடுத்து அனுப்பச் சொல்லு. உனக்குத் தெரியாது, நீ கை வைக்காத. இருக்கற படத்துலயும் ஓரத்துல என்னவோ மங்கலா விழுந்துருக்குது, அதை வேற நான் வெட்டணும்." அந்தக் காசு வீட்டில் இல்லை என்று சொன்னேன். அடுத்த வார்த்தை கேட்காமல் வைத்துவிட்டாய். நேற்றுக் காலையில் உன் மாமாவுக்குப் போன் போட்டு, "அப்பாவ எடுத்த அன்னிக்கிப் பொட்டிகிட்ட நீங்கதான மாமா நின்னீங்க? ஒண்ணு கொறையுது" என்று கேட்டிருக்கிறாய். அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம், போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான் என்பது உனக்குத் தெரியும். திருப்பாதிரிப்புலியூரில் தன் தையல் கடையில், பிளவுஸுக்கு அளவு கொடுக்க வந்த பெண்கள் நிற்க, அவன் மிஷினில் காலை வைத்தபடி அதைக் கேட்டான். போனை அணைத்து, கடையைச் சாத்திவிட்டுச் செம்மண்டலத்துக்கு என்னிடம் வந்தான். "நான் சொன்னா எனக்கு நானே சாட்சி சொல்ற மாரி இருக்கும்க்கா. நீயே எழுது" என்றான். சோறு போட்டேன், பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

அந்தக் காசு எங்கே போனது என்று உனக்குத் தெரியும். தெரியவில்லை என்கிறாயே, அதுதான் எனக்கு உன்மேல் இருக்கிற கோபம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். அப்பா எடுத்த ஃபோட்டோ என்கிறாயே, அதில் ஒன்றைக்கூட உன் அப்பா எடுக்கவில்லை. ஆறு வருஷமாக அவருக்குக் கை நடுக்கம். தண்ணீர்ச் சொம்பையே இரண்டு கையால் பிடிக்கிற மனுஷன் போனை எப்படி ஆடாமல் பிடித்திருப்பார்? இந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவை நீ அவர் கையைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வி உனக்கே வந்திருக்கும். எடுத்தது எல்லாம் நான். வைக்காதே என்று சொன்னாயே, அந்தக் கைதான்.

எப்படி என்று சொல்கிறேன், டீச்சரிடமும் சொல்லிக்கொள். நம் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் வருகிற வெயில்தான் லைட். அதை நேரே விட்டால் காசு கண்ணைக் கூசும். ஜன்னலுக்குக் குறுக்கே அவருடைய பழைய நாலு முழ வேட்டியைக் கட்டினால் வெளிச்சம் பால் மாதிரி ஆகிவிடும். எதிர்ப்பக்கம், ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் இருந்த தெர்மாகோல் ஒரு துண்டு. நிழல் விழுகிற பக்கத்துக்கு அது கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் டப்பா, மேலே இரண்டு மர ஸ்கேல், அதன் மேல் போன் குப்புறப் படுத்திருக்கும். ஆரம்பத்தில் எவர்சில்வர் சம்படம் வைத்தேன். அதன் பளபளப்பு போய்க் காசின் ஓரத்தில் வெள்ளையாக உட்கார்ந்தது. எதனால் என்று கண்டுபிடிக்க நாலு நாள் ஆயிற்று. அப்புறம் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறினேன். காசுக்கு அடியில் சின்ன ரப்பர் துண்டு, அப்போதுதான் நிழல் காசோடு ஒட்டாமல் தள்ளி விழும். கீழே வெள்ளைத் தாள் விரித்தால் செம்புக்காசு கரிக்கட்டையாக விழுந்தது. கறுப்புக் குடைத்துணி விரித்தால் வெளுத்துப்போனது. கடைசியில் உன் அப்பாவின் காக்கிச் சட்டை ஒன்றை வெட்டி விரித்தேன். காசு காசின் நிறத்திலேயே வந்தது. முப்பத்திரண்டு வருஷம் கடலூர் சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டராக நின்ற மனுஷனின் சட்டை. பார்ட்டிக்கு நீ அனுப்பிய அத்தனை படத்திலும் காசுக்குப் பின்னால் தெரிவது அதுதான்.

ஃபிளாஷ் போடக் கூடாது. போனைத் தொட்டு அமுக்கினால் ஆடும், அதனால் மூன்று செகண்டு கழித்து அதுவாக எடுக்கும்படி வைத்துக்கொள்வேன். தேய்ந்த எழுத்தை எடுக்கவேண்டும் என்றால் வெளிச்சம் உச்சியிலிருந்து வரக் கூடாது, தரையோடு தரையாகச் சாய்ந்து வரவேண்டும். காசை அரிசியளவு அரிசியளவாகத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் எழுத்து எழுந்து நிற்கும். அந்த இடத்தைப் பார்க்கிற வேலை அவருடையது. எதிரே பலகையில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஹோல்டான்!" என்பார். கையை எடுத்துக்கொள்வேன். "போலாம், ரைட்!" என்பார். அமுக்குவேன். ஒரு நாள், "டிக்கெட் வாங்கிட்டுதான் அமுக்கணுமா?" என்று கேட்டேன். "ஸ்டாஃப் ஃபேமிலிக்கு ஃப்ரீ பாஸ், உள்ள போம்மா, படியில நிக்காத" என்றார். வீட்டில் இருந்ததும் இரண்டு பேர், சிரித்ததும் இரண்டு பேர். நீ மாதத்துக்கு ஒரு தரம் போனில் சாப்பிட்டாயா என்று கேட்டதோடு சரி. இங்கிருந்து சிதம்பரம் ஒரு மணி நேரம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று உன் அப்பா ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடுகிற தூரம்.

உன்னிடம் ஒரு தடவை அவர் சொல்லத்தான் செய்தார். "இதெல்லாம் அம்மாதாண்டா எடுக்கறா." நீ சிரித்தாய். "அம்மாவா? அதுக்கு மிக்ஸி போடவே பயமாச்சே!" நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அது என் தப்பு. காரியம் முடிந்த மறுநாள் நீயே எடுக்கப் பார்த்தாயே, சாப்பாட்டுத் தட்டில் காசுகளைப் பரப்பி, டியூப்லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டு, ஃபிளாஷ் போட்டு. ஒவ்வொரு காசின் நடுவிலும் ஒரு வெள்ளை ஓட்டை விழுந்தது. "இது என்னா கருமம், ஒண்ணும் தெரியலையே" என்றாய். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜன்னலில் வேட்டியைக் கட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ அலமாரியிலிருந்து அவர் போனை எடுத்துப் பார்த்து, "இதுலயே எல்லாம் இருக்குதே" என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். நான் படம் எடுத்த போனைக் கொண்டுபோய்விட்டு, எனக்கு எடுக்கத் தெரியாது என்கிறாய்.

நான் தப்பே செய்யாதவள் என்று சொல்லவரவில்லை. கல்யாணமாகி வந்த வருஷம், ஆயுத பூஜைக்கு முதல் நாள், குத்துவிளக்கும் தாம்பாளமும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தகர டப்பாவில் அவர் பதினோரு செம்புக்காசு வைத்திருந்தார், பச்சையும் கறுப்புமாக. பாவம், தேய்த்துக் கொடுக்க ஆளில்லாமல் இருந்த மனுஷன் என்று நினைத்து அதையும் சேர்த்துத் தேய்த்துச் சந்தனப் பொட்டு வைத்துச் சாமிக்கு முன்னால் அடுக்கிவிட்டேன். புது வளையல் மாதிரி மின்னியது. டியூட்டி முடிந்து வந்தவர் ஒன்றை எடுத்து விரலால் தடவினார். "நூறு வருஷமா போட்டுகினு இருந்த சட்டைய உருவி அம்மணமா நிக்க வச்சிட்டியேடி" என்றார். அவ்வளவுதான் பேசினார். அன்றைக்குச் சுண்டல்கூடத் தொடவில்லை. பழைய காசுக்கு அந்தக் கறுப்புதான் மதிப்பு, தேய்த்தால் போனது போனதுதான் என்று எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அன்றைக்கு என் கையிலிருந்து தப்பித்தது ஒரே ஒரு காசு, அவர் சட்டைப்பையில் இருந்த புதுச்சேரிக் காசு. புதுச்சத்திரத்தில் ஏறுகிற மீன்கார அம்மா ஒருத்தர் சில்லறையோடு சில்லறையாகக் கொடுத்தது. அவருக்குக் கிடைத்த முதல் பழங்காசு அது. ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரன் பூ, இன்னொரு பக்கம் மூன்று வரியில் தமிழ் எழுத்து. காசு சின்னது, அச்சு பெரிது, அதனால் அந்த வகைக் காசில் எழுத்து பாதிதான் விழுந்திருக்குமாம். இதில் முழுசாக விழுந்திருந்தது. அவர் சேர்த்த காசுகளில் என்னால் படிக்க முடிந்தது அது ஒன்றுதான். புது, ச்சே, ரி என்று கூட்டிப் படித்துக் காட்டினேன். "பாஸ்" என்றார். நீ ஒன்றாவது படிக்கும்போது 'ச்சே' வராமல் அழுதாய். உனக்கும் அந்தக் காசைக் கையில் கொடுத்துத்தான் எழுத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். மறந்திருப்பாய்.

அதை மட்டும் படம் எடுக்காமலே வைத்திருந்தோம். எழுத்து ரொம்பத் தேய்ந்தது, என் கை பழகட்டும் என்று கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு புதன்கிழமை காலையில் எடுக்க உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் திருப்பியிருப்பேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று "ஹோல்டான்" என்றார், சத்தமே இல்லாமல். பார்த்தேன். மூன்று வரியும் எழுந்து நின்றது. "போலாம், ரைட்." அமுக்கினேன். மூன்று செகண்டு பொறுக்கவில்லை அவருக்கு, காசைத் திருப்ப விரலை நீட்டிவிட்டார். "ஹோல்டான்!" என்று அன்றைக்கு நான் கத்தினேன். அதற்குள் போன் எடுத்துவிட்டது. "என்னா அவசரம் உங்களுக்கு" என்றேன். "வுடு, இன்னொன்னு எடுத்துக்கலாம். மொதல்ல பூவப் பாப்பம்" என்றார். விரல் காசைப் பிடிக்கவில்லை. நடுக்கம் என்று நினைத்தேன். மறுபடி தொட்டார். பிடிக்கவில்லை. அப்படியே தெர்மாகோல் மேல் சாய்ந்தார். அதனால்தான் பின்பக்கம் எடுக்கவில்லை. உன் பார்ட்டியிடம் காரணம் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டி, விபூதி பூசிக் கிடத்தியிருந்தோம். "நெத்திக்கு ஒரு ரூபா காசு குடுங்கப்பா" என்றார் பங்காளி வீட்டுப் பெரியவர். எல்லோரும் சட்டைப்பையைத் தடவினார்கள். எல்லோர் பையிலும் போன்தான் இருந்தது. "இப்ப யாரு பெரியப்பா சில்லற வச்சினு இருக்கா, டீக்கடையிலயே போனக் காட்டிட்டுப் போய்க்கினே இருக்கறோம்" என்றான் ஒருத்தன். யாரோ பத்து ரூபாய்க் காசு ஒன்றை நீட்டினார்கள். பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத நம்மூரு கடையிலயே வாங்க மாட்டேன்றான், மேல மட்டும் வாங்குவானா?" அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தப் பத்து ரூபாய்க் காசுக்காகப் பஸ்ஸில் எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றவர் அவர். கேட்டிருந்தால் அவரும் சிரித்திருப்பார். நீதான் எரிச்சலாக, "பொட்டி பொட்டியா காசு சேத்தாரே, அதுல தேஞ்சது ஒண்ண எடுத்து ஒட்டுங்களேன். எதுவா இருந்தா என்னா?" என்றாய். போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னாய்.

நான் எழுந்து போனேன். பெட்டி மூடி தானாக நிற்காது என்று உன் மாமா வந்து திறந்து பிடித்துக்கொண்டான். அவன் பெட்டி பக்கத்தில் நின்றது அதற்குத்தான். காக்கித் துணியில் சுருட்டியபடி மேலாகவே கிடந்தது அந்தக் காசு. வேறு தேய்ந்த காசு இல்லையா என்றால், இருந்தது. நான் புளி போட்டுக் கெடுத்த பதினொன்றும் இருந்தது. வேண்டுமென்றேதான் இதை எடுத்தேன். முதலில் வந்ததும் கடைசியில் தொட்டதும் இதுதான், அவரோடேயே போகட்டும் என்று எடுத்தேன். அது பாதி. நீ பார்க்கிறாயா பார்ப்போம் என்று எடுத்தது மீதி. உன் உள்ளங்கையில் எழுத்து மேலே தெரியும்படி வைத்தேன். உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பூப் பக்கத்தில் சந்தனத்தைத் தடவி, கட்டைவிரலால் அவர் நெற்றியில் அமுக்கினாய். ஒட்டிக்கொண்டது. ஒரு தடவைகூடக் காசைப் பார்க்கவில்லை. செத்துக் கிடக்கிறவர் நெற்றியை வைத்துப் பெற்ற பிள்ளைக்குப் பரீட்சை வைக்கலாமா? வைக்கக் கூடாது. அது என் பாவம், நான் சுமந்துகொள்கிறேன். ஆனால் நீ தேறவில்லை.

உன் பார்ட்டி கேட்கிற பின்பக்கம் உன் அப்பா நெற்றியில் படிந்திருந்தது. ஒட்டியவன் நீ. நாலு மாதம் கழித்து, திருடியது யார் என்று என் தம்பியைக் கேட்கிறாய்.

தெருமுனையோடு பெண்கள் எங்களை நிறுத்திவிட்டார்கள். கெடிலக்கரை மயானத்தில் நடந்ததை உன் மாமா சாயங்காலம் வந்து சொன்னான். "நெத்திக்காசு அங்க வேல செய்யறவரு பாத்தியம்க்கா, அவுரு எடுத்துகிட்டாரு. சந்தனத்தத் தொடச்சிட்டு வெயில்ல புடிச்சி சாச்சுச் சாச்சுப் பாத்தாரு. ஒரு எடத்துல நிறுத்தி, 'புதுச்சேரின்னு போட்டுருக்குதுங்களே'ன்னாரு. எனக்கு அப்பதான் எது போவுதுன்னே தெரிஞ்சுது. கேட்டு வாங்கலாமான்னு கையத் தூக்கிட்டேன். மச்சானுக்கு வச்சது, திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு வுட்டுட்டேன்." நீ அப்போது எங்கே இருந்தாய் என்று கேட்டேன். "மரத்தடியில போன் பேசிகினு இருந்தான்" என்றான். அதையும் குறையாகச் சொல்லவில்லை அவன். "ஆபீஸ்ல என்னாவோ அவசரம்போல" என்றுதான் சேர்த்துச் சொன்னான். முன்பின் தெரியாத ஒரு ஆள், யாரும் சொல்லிக்கொடுக்காமல், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துப் படித்திருக்கிறார். அது போதும் எனக்கு. காசு போய்ச் சேர வேண்டிய கைக்குத்தான் போயிருக்கிறது.

மஸ்கட்டுக்குப் போகிறாய். அங்கே உன்னை யாருக்கும் தெரியாது, உனக்கும் யாரையும் தெரியாது. ஒரு ஆளைப் பற்றி முடிவு கட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் திருப்பிப் பார். மூஞ்சிக்கு நேரே ஃபிளாஷ் அடித்தால் எல்லோரும் தேய்ந்த காசாகத்தான் தெரிவார்கள். இதை உன் அப்பா சொன்னார் என்று நினைக்காதே. அவர் எதையும் இப்படிச் சொல்லமாட்டார். நான்தான் சொல்கிறேன்.

பெட்டியை உன் மாமாவிடமே கொடுத்தனுப்புகிறேன். கடையைச் சாத்திவிட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவான். திருடன் என்று நீ நினைத்த ஆள்தான் கொண்டுவருகிறான். அவன் எதிரிலேயே திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கிக்கொள். ஒன்று குறையும், எது என்று இப்போது உனக்குத் தெரியும். அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடு. அதற்கு மேல் அவனிடம் என்ன சொல்லவேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். பெட்டியை விற்றுக்கொள், எனக்கு ஒன்றும் வேண்டாம். விற்கும்போது அந்தப் பதினொன்று புளி போட்டுத் தேய்த்தது என்று சொல்லி விற்கவேண்டும். மறைக்காதே. தேய்த்தது எங்கள் அம்மா என்றே சொல்.

எனக்கு அந்தப் போன் வேண்டும். மாமா திரும்பி வரும்போது அவன் கையில் கொடுத்தனுப்பு. புதுச்சேரிக் காசுப் படத்தை வெட்டாமல் கொடு. வெட்டிவிட்டிருந்தால், பழையபடி ஆக்கத் தெரிந்தவர் யாரோ அவரைத் தேடிப் பிடித்து ஆக்கிக் கொடு. ஓரத்தில் மங்கலாக விழுந்திருக்கிறது என்றாயே, அது அழுக்கு இல்லை. மூன்று செகண்டு பொறுக்காமல் நீண்ட உன் அப்பாவின் விரல். ஆறு வருஷமாக நான் எடுத்த அத்தனை படத்திலும் அவர் விழுந்தது அது ஒன்றில்தான்.

இப்படிக்கு,
அந்தப் படத்தை எடுத்தவள்,
உன் அம்மா